பூஜையில் வைத்த ஸ்குரு

வேம்புலி கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அவனுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். பாடி ஊர்க்காரன். அவன் நெல் அறுத்த வயலில் தொழிற்சாலைச் சுவர் எழும்பியபோது நிலக்காரர்களுக்கு ஏதோ கிடைத்தது. கூலிக்காரனைக் கேட்க நாதியில்லை. அறுபத்தாறில் அம்பத்தூர் எஸ்டேட்டில் கோதண்டம் முதலாளியின் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தான். நான் அங்கே சாணைக்கல்லில் அலகு தீட்டிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் செய்தது மடக்குக்கத்தி. அலகைப் பிடியோடு சேர்க்கும் ஒரே ஒரு ஸ்குருவில்தான் அதன் மானம் இருக்கிறது. விரித்து விரித்து மடக்கும்போது அலகு அந்த ஸ்குருவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடும். ரொம்ப முடுக்கினால் கத்தி திறக்காது. தளர்ந்துபோனால் அலகு ஆடும், வெட்டுகிறபோதே விரல் மேல் மடங்கும். வேம்புலிக்கு அந்த ஸ்குரு மாட்டுவதுதான் வேலை. ஸ்குருவின் மரையை ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவைப்பான். கரைத்த அரக்கு ஒரு சொட்டு தடவி, பதம் பார்த்து முடுக்குவான். அரக்கு இறுகிவிட்டால் அப்புறம் அது கழலாது.

இருந்தும் அவன் டெம்பரரிதான். ஆர்டர் இருந்தால் வரலாம், இல்லாவிட்டால் வீட்டில் கிடக்கலாம். அறுபத்தொன்பதில் பாரிமுனைக் கடைக்காரர் ஒருவர் பெரிய ஆர்டர் கொடுத்தார். முதலாளி அவனைக் கூப்பிட்டு, "இந்த சரக்கு மட்டும் திரும்பி வராம இருக்கட்டும் வேம்புலி, உன்னைப் பர்மனென்ட் பண்ணிடறேன்" என்றார். அவன் மனைவி பொன்னியம்மா அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. மிஷின்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை பரப்பினோம். முதலாளியின் மனைவி வரலட்சுமியம்மா நல்ல மனுஷி. அதுதான் தொல்லையே. கெட்டவளாக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். ஆர்டருக்காகத் துடைத்து வைத்திருந்த ஸ்குருக்களை ஒரு தாம்பாளத்தில் கொட்டி, மேலே நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள். இரும்பு எண்ணெய் குளித்தால் சனி பிடிக்காதாம். அப்படியே அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். வேம்புலி என் பக்கம் நகர்ந்து வந்தான்.

"எண்ணெ பட்டா அரக்கு புடிக்காது மாமே" என்று என் காதில் முணுமுணுத்தான்.

"அப்ப போய்ச் சொல்லு மச்சான்."

"சாமிக்கு வச்சத துடைக்கணும்னு அம்மாகிட்ட நான் எப்டி சொல்றது?"

விஜயதசமி காலையில் வேலை தொடங்கியபோது, வரலட்சுமியம்மா ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் மெதுவாக ஒரு ஸ்குருவை எடுத்துச் சட்டை ஓரத்தில் துடைத்தான். "ஐயையோ, துடைக்காதேப்பா. அம்பாள் பிரசாதம்" என்றாள். குரலில் அதட்டல்கூட இல்லை, அத்தனை அன்பு. தட்டு காலியாகும் வரை அவள் எழுந்திருக்கவில்லை. எண்ணெய் சொட்டச் சொட்ட அவன் ஒவ்வொன்றாக மாட்டினான். சொந்தக் கையால் தன் வயிற்றிலேயே அடித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. மறுநாள் காலை லாரி வந்து சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

தீபாவளிக்கு முன்பே எல்லாம் கோணிப்பைகளில் திரும்பி வந்தன. அலகு லொடலொடவென்று ஆடியது. கடைப்பையன் ஒருவனுக்கு விரல் வெட்டுப்பட்டுவிட்டதாம். முதலாளி ஒரு கத்தியை எடுத்து வேம்புலி முன்னால் எறிந்தார்.

"இன்னாடா இது?"

"மொதலாளி, எண்ணெ..." என்று ஆரம்பித்தான். முதலாளிக்குப் பின்னால் வரலட்சுமியம்மா கவலையோடு நின்றிருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்மா ஊத்தின எண்ணெதான் காரணம் மொதலாளி" என்றேன்.

"செய்யறதையும் செஞ்சிட்டு சாமி மேல பழி போடறீங்களா? நீ உன் கல்லைப் பாத்துகினு இரு."

அந்த அம்மாள் கண் கலங்கி, அம்மனுக்கு ஒரு விளக்கு ஏற்றி வைத்தாள். அவளுக்கு நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வேம்புலி திரும்பி வந்த கத்திகளை எல்லாம் பிரித்தான். ஸ்குருக்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துடைத்து, அரக்கு தடவி மறுபடி மாட்டினான். சரியாகச் செய்துகொடுத்தால் முதலாளி மனம் மாறுவார் என்று நம்பினான். நானும் நம்பினேன். சரக்கு மறுபடி பாரிமுனைக்குப் போயிற்று. இந்தத் தடவை ஒன்றுகூடத் திரும்பவில்லை. கடைக்காரர் ஆள் விட்டுப் பாராட்டினார்.

பொங்கல் கழிந்ததும் முதலாளி அவனைக் கூப்பிட்டார். பொன்னியம்மா அன்று துவைத்த சட்டை கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"பாத்தியா? மனசு வச்சா உன்னால முடியுது" என்றார் முதலாளி. "அப்போ மொதல்ல லூசா மாட்டினது வேணும்னுதானே? உன்ன எப்டிடா நம்பறது?"

பேக்கிங்கில் இருந்த அப்பாவுவைப் பர்மனென்ட் ஆக்கிவிட்டார்கள். அவன் போன வருஷம்தான் வந்தவன்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்து பாடி வரைக்கும் நடந்தோம். முதலாளியைத் திட்டித் தீர்த்தேன். வேம்புலி தன் வீட்டுத் தெருமுனையில் நின்றுவிட்டான். வாசலில் பொன்னியம்மா பக்கத்து வீட்டுப் பெண்களோடு காத்திருந்தாள்.

"ரெண்டாவது வாட்டியும் லூசாவே உட்டிருக்கணும் மாமே" என்றான். "கைக்கு ஒயுங்காத்தான் மாட்டத் தெரியுது. நான் இன்னா பண்ணுவேன்?"