நான் அணைத்த டெலிபோன்

சுகுமாரனின் காலை நசுக்கியவன் நான். அதை விபத்து என்று எழுதி முடித்தார்கள்... விபத்தல்ல!

உங்களிடம் சொல்கிறேன். அவனிடம் சொல்ல இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.

இருவரும் மலையாள எல்லையை ஒட்டிய குளத்தூர்க்காரர்கள். நான் டாங்கிக்குக் கமாண்டர்; அவன் காலாட்படைச் சிப்பாய். பாலைவனத்தில் செங்கல் சுவர் எழுப்பி ஒரு போலி நகரம் கட்டி, தெருச் சண்டைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். திறந்தவெளியில் ராஜாவாகத் திரியும் டாங்கி, சந்துக்குள் நுழைந்தால் குருடு. மூடியைச் சாத்திவிட்டால் தெருமுனை தெரியும்; ஒட்டி நிற்கும் ஆள் தெரியமாட்டான். திரும்ப இடமிராது, பின்னோக்கித்தான் வரவேண்டும். ஆகவே பின்னால் நடந்துவரும் சிப்பாய்தான் எங்களுக்குக் கண். அவன் உள்ளே பேசுவதற்கென்றே டாங்கியின் பின்புறம் ஒரு டெலிபோன் உண்டு.

அன்று அதை எடுத்தவன் சுகுமாரன்.

"எலே மக்கா, உள்ள சுகமாட்டு இருக்கியா? நாங்க இஞ்ச வெயிலில கெடந்து வேவுதோம். சாயா உண்டுன்னா சொல்லு, ஏறி வாறேன்!"

டாங்கிக்குள் எல்லோர் காதிலும் அது கேட்டது. பீரங்கி சுடும் சென்னைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "சார், இது தமிழா மலையாளமா? ஊர்ல நீங்களும் இப்படித்தான் பேசுவீங்களா?"

ஆண்டுக்கணக்காக நான் ஒளித்து வைத்திருந்த பேச்சு அது! உடம்பெல்லாம் கூசியது. கையருகே இருந்த டெலிபோன் சுவிட்சை ஓசைப்படாமல் அணைத்தேன். பெற்ற தாயிடம் பேசிய மொழிக்கா வெட்கப்பட்டேன்? ஆம்... அதற்குத்தான்.

பிறகு, டிரைவரிடம் டாங்கியைப் பின்னோக்கி எடுக்கச் சொன்னேன். சுவருக்கும் டாங்கிக்கும் நடுவில் நின்று, டெலிபோனில் பேசும் பட்டனை அமுக்கி, அவன் கத்திக்கொண்டே இருந்திருக்கிறான்.

வயர்லெஸ்ஸில் 'நிறுத்து, நிறுத்து' என்று அலறினார்கள். அப்போது நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? சுவிட்சைத் திரும்பப் போட்டேன். அதற்குப் பிறகுதான் மூடியைத் திறந்தேன்... சீ, நானும் ஒரு மனிதனா!

விசாரணையில் டெலிபோன் ஒழுங்காக வேலை செய்தது. பட்டனைச் சரியாக அமுக்காதது சிப்பாயின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். சுகுமாரனும் அதை நம்பிவிட்டான்.

போன வாரம் அவன் மகன் அகில் காலாட்படையில் சேரப் புறப்பட்டான். வழியனுப்பப் போயிருந்தேன். செயற்கைக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சுகுமாரன் மகனுக்குப் பாடம் சொன்னான்.

"மக்கா, டாங்கிக்க பொறத்தே போவும்போ அந்தப் பட்டனை நல்லா அமுக்கணும். அப்பன் அண்ணைக்கு ஒழுங்காட்டு அமுக்கல்ல. தப்பு என்னுதாக்கும்." பின் என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லுலே, சரிதானே?"

உள்ளிருந்து பதில் வராவிட்டால் அங்கே ஒரு நொடியும் நிற்காதே என்று அந்தப் பிள்ளையிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே இருப்பவன் வேண்டுமென்றே அணைத்திருப்பான் என்று எச்சரித்திருக்க வேண்டும். சொன்னால், 'மாமாவுக்கு அது எப்படித் தெரியும்?' என்று கேட்பானே...

"சரிதான்" என்றேன்.

அகில் குனிந்து என் இரண்டு கால்களையும் தொட்டுக் கும்பிட்டான். நான் கால்களை இழுத்துக்கொள்ளவில்லை.