வேர் விட்ட பெஞ்சு

எங்கள் அப்பா செய்த சாமான்களில் ஆடாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான். அதுவும் கடைசியில் வேர் விட்டுவிட்டது.

அப்பாவுக்குத் தச்சு வேலை வராது. அதை அவரிடம் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் மனசும் வராது. எழுபதுகளின் கடைசியில் அம்மாவுக்கு ஜவ்வாது மலையில் நர்ஸ் வேலை. ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். சர்க்கார் கட்டிக் கொடுத்த வீட்டின் முன்னறையில் ஆஸ்பத்திரி, பின்னறையில் நாங்கள். ஒடுகத்தூரில் அப்பா வைத்திருந்த சைக்கிள் கடை மூடிப்போன பிறகு நாங்களும் அம்மாவோடு மலையேறி வந்திருந்தோம். அம்மா ஊர் ஊராக நடந்து பிரசவம் பார்ப்பாள். அப்பா மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போவார், சோறாக்குவார், எனக்குத் தலை பின்னிவிடுவார், மிச்ச நேரத்தில் மரத்தோடு மல்லுக்கட்டுவார்.

அவர் செய்த முக்காலிகளில் இரண்டு கால் ஒரு பேச்சுக்கு வந்தால் மூன்றாவது ஒத்துக்கொள்ளாது. சுவரில் அடித்த பலகை அம்மாவின் பவுடர் டப்பாவைத் தாங்கியது. பக்கத்தில் சீப்பை வைத்ததும் மொத்தமாக இறங்கி வந்துவிட்டது. கோழிக்கு ஒரு கூண்டு செய்தார். கோழி அதை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு மரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. கூண்டை எங்கள் நாய் எடுத்துக்கொண்டது. நாயின் பெயர் சிப்பாய். இடி இடித்தால் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சிப்பாய்.

இவை எல்லாமே அப்பாவுக்கு ஒத்திகைதான். அவருடைய நிஜமான திட்டம் அலமாரி. கல்யாணமான நாளிலிருந்து அம்மாவின் புடவைகள் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தன. 'ஒரு அலமாரி மட்டும் செஞ்சி குடுத்துடறேன்' என்பது அப்பா அடிக்கடி சொல்லும் வாக்கியம். அதற்கென்று சந்தவாசலில் அகலமான பலாப் பலகை ஒன்றை வாங்கி, பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்து, சாக்கு சுற்றி மூலையில் நிறுத்தி வைத்திருந்தார். ஏன் ஆரம்பிக்கவில்லை என்று கேட்டால், "இழைப்புளி இல்லாம பலாவத் தொடக் கூடாது" என்பார். மரத்தை இழைக்கும் அந்தக் கருவி எங்கள் வீட்டில் இல்லாதது எல்லாருக்கும் ஒரு வகையில் சௌகரியமாகவே இருந்தது.

அந்த வருஷம் பொங்கலுக்கு ஒடுகத்தூர் மாமா வீட்டுக்குப் போனபோது அப்பா மாமா வீட்டுக்கென்று தன் கையால் செய்த ஒரு முக்காலியை எடுத்துவந்தார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும், முக்காலிக்கு அடிபடக் கூடாதென்று அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். மாமா அம்மாவுக்கு அண்ணன். மளிகைக் கடை, மாடி வீடு, கனத்த குரல். சாப்பிடும்போது, "எங்க மாப்ளைக்கு இன்னா கவல? நர்சு சம்பளம் வருது, குந்திக்கினு ஆணி அடிக்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

மறுநாள் காலையில் கொல்லைப்பக்கம் போனால், அந்த முக்காலியின் மேல் கூடை வைத்து அதில் மாமா வீட்டுக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் ஒரு கோழிக்காவது அப்பாவின் வேலை பிடித்துவிட்டதே! ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அம்மா பார்த்தாள். சிரிக்கவில்லை. "அப்பா இந்தப் பக்கம் வராம பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள். கோழி பயந்து எழுந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்து, நானும் அப்பாவைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போய்விட்டேன்.

ஒடுகத்தூருக்கு மாற்றல் கேட்டு அம்மா ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தாள். மாமா தன் மாடியில் ஓர் அறை தருவதாகச் சொல்லியிருந்தார். மலையில் அட்டை, மழை, நடை. கீழே பெரிய பள்ளிக்கூடம், சினிமாக் கொட்டகை, கரண்டு. எனக்கும் ஆசைதான், பட்டு வருகிற வரைக்கும்.

பட்டு என் ஆட்டுக்குட்டி. பக்கத்துக் கொல்லையில் சாமை விதைக்கிறவரின் மனைவிக்குச் சிக்கலான பிரசவம். தாயும் பிள்ளையும் பிழைத்ததும் அவர் ஒரு பெட்டைக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "நர்சம்மா, வேணாம்னு சொல்லக் கூடாது" என்று என் கையில் விட்டுவிட்டுப் போனார். கறுப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. மாடி அறைக்கு ஆட்டைக் கொண்டுபோக முடியாது. மாமாவிடம் கொடுத்துவைக்கலாம் என்றால், ஆடுகளைப் பற்றி மாமாவுக்கு இருந்த ஒரே அபிப்பிராயம் குழம்பு சம்பந்தப்பட்டது.

ஆடி பிறந்ததும் அம்மாவை வேலூருக்கு ஒரு பயிற்சிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சில நாள் வேலை. புறப்படுகிற காலையில் புடவையை மடித்துக்கொண்டே அம்மா அப்பாவிடம் கேட்டாள்: "மாத்தல் விஷயம் இந்தத் தபா கேப்பாங்க. இன்னா சொல்லட்டும்?"

"உன் இஷ்டம்மே" என்றார் அப்பா. "நடக்கிறது நீ. கஷ்டப்படறது நீ."

அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் பட்டுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். பட்டு என் ரிப்பனைத் தின்றது.

அழுகிற என்னைப் பார்த்து அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஊசி போடுகிற நாளில் பக்கத்து ஊர்ப் பெண்கள் மலை ஏறி இறங்கி வருவார்கள். நிறைமாதக்காரிகளும் இருப்பார்கள். உட்கார ஒன்றும் கிடையாது. மழை நாளில் தரை சேறாகிவிடும், நின்றுகொண்டே இருப்பார்கள். ஒரு பெஞ்சு வேண்டுமென்று அம்மா சர்க்காரிடம் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டாள். 'வரும்' என்பதே பதிலாக வந்துகொண்டிருந்தது.

"நாம ஒரு பெஞ்சு போட்டுடலாம் பாப்பா" என்றார் அப்பா. "வந்து பாத்தா உங்கம்மாவுக்கு எறங்கிப் போவ மனசு வராது."

எனக்குப் பாதி நம்பிக்கைதான் வந்தது. பெஞ்சு நிற்க வேண்டுமே! ஆடுகிற பெஞ்சைப் பார்த்தால் அம்மா அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவாள் என்று தோன்றியது. அப்பாவுக்கும் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்து கன்னத்தைச் சொறிந்துகொண்டே இருந்தார். எதிரே, பக்கத்துக் கொல்லை அவரைக்கொடியை எட்டுவதற்காகப் பட்டு தன்னைக் கட்டியிருந்த முளையைப் பலங்கொண்ட மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. முளை அசையவில்லை.

"அது ஏன் ஆடல?" என்றார் அப்பா.

"நட்டிருக்குதேப்பா."

அப்பா எழுந்துவிட்டார். கால்களைத் தரையில் புதைத்து மேலே பலகையை அடித்துவிட்டால் எந்தக் கால் யாரோடு சண்டை போட முடியும்? இத்தனை வருஷம் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். பலகைக்கு எங்கும் போகவில்லை. மூலையில் இருந்த பலாப் பலகையின் சாக்கை அவிழ்த்தார். "அலமாரிப்பா" என்றேன். "அது கெடக்குது" என்றார். இழைப்புளி இல்லாததால் உடைந்த பாட்டில் சில்லால் நாங்கள் இருவரும் அந்தப் பலகையைச் சுரண்டிச் சுரண்டி வழவழப்பாக்கினோம்.

கால்களுக்காகப் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் போனோம். நட்டு வைக்கக் கொஞ்சம் பருமனான கழிகள் வேண்டும் என்றார் அப்பா.

"இன்னா சாரு, வேலி போடப் போறீங்களா?"

பெஞ்சு என்று சொன்னால் அவர் சிரிப்பாரோ என்று அப்பாவுக்குக் கூச்சம். அந்த ஊரில் அவருடைய கோழிக்கூண்டின் புகழ் பரவியிருந்தது. "ஆமா, வேலிதான்" என்று சொல்லிவிட்டார். அவரும் தன் வேலியோரத்து முள்முருங்கையில் நல்ல கிளைகளாகப் பார்த்து வெட்டி, முள்ளைச் சீவிக் கொடுத்தார். கல்யாண முருங்கை என்று கீழே சொல்வார்களே, அதுதான். "நல்ல ஈரத்துல நடுங்க சாரு. அப்புறம் நீங்க திரும்பிப் பாக்க வேணாம்" என்றார். பச்சை மரம் வெண்ணெயாக அறுபட்டது. தன் கை தேறிவிட்டது என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

அம்மா திரும்பி வந்த நாள் தூறிக்கொண்டிருந்தது. அப்பா குடையோடு பஸ் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தார். பெஞ்சுக்குக் காவல் நான். துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். அவர்கள் வளைவு திரும்புகிற சமயம் பார்த்துப் பட்டு கயிற்றை உருவிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டது. நான் இழுக்கிறேன், அது இறங்க மாட்டேன் என்கிறது, சிப்பாய் சுற்றிச் சுற்றிக் குரைக்கிறது.

"இன்னாங்க இது, பட்டுக்கு மேடையா?" என்றாள் அம்மா.

"ஊசிக்கு வர்றவங்களுக்கு" என்றார் அப்பா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அம்மா கிட்டே வந்தாள். அப்பா செய்த எதைக் கண்டாலும் முதலில் கையால் அசைத்துப் பார்ப்பது அவள் பழக்கம். இந்தப் பக்கம் அழுத்தினாள், அந்தப் பக்கம் அழுத்தினாள். பட்டு குதித்து இறங்கியது. அம்மா உட்கார்ந்தாள்.

"ஆடல" என்றாள்.

"ஆடாது" என்றார் அப்பா.

பிறகு அம்மா பையைத் திறந்து எனக்கு ஒரு ரிப்பனும் ஒரு பொட்டலம் வர்க்கியும் கொடுத்தாள். அடியிலிருந்து, பேப்பர் சுற்றிய கனமான ஒன்றை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். ஜாங்கிரியாக இருக்குமோ என்று எட்டிப் பார்த்து ஏமாந்தேன். புத்தம்புது இழைப்புளி.

"இது எதுக்கு?" என்றார் அப்பா.

"அலமாரிக்குத்தான். இழைப்புளி இல்ல, இழைப்புளி இல்லன்னு எத்தினி வருசம் சொல்வீங்க?"

"அந்தப் பலகை மேலதாம்மே நீ குந்திக்கினு இருக்கே."

அம்மா குனிந்து பலகையைப் பார்த்தாள். தடவினாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவும் சிரித்தார். சமயம் பார்த்து நான் கேட்டேன்: "அம்மா, பட்டு நம்ம கூடவே இருக்குமா?"

"அது எங்க போவும்? நாம எங்க போவப் போறோம்?" என்றாள் அம்மா.

பெஞ்சு ஜெயித்துவிட்டது. நான் பட்டுவின் வெள்ளைக் காதில் அதைச் சொல்லிவிட்டு, ஒரு வர்க்கியையும் கொடுத்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பட்டு பெஞ்சின் அடியில் தலையை விட்டுக்கொண்டு எதையோ மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். பெஞ்சின் கால்களில் பச்சைத் துளிர். கொஞ்ச நாளில் நாலு காலும் தழைத்துவிட்டன. பக்கத்துக் கொல்லைக்காரர் வந்து பார்த்து, "வேலின்னீங்களே சாரு!" என்று சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊசிக்கு வந்த பெண்கள் போகும்போது இலையைப் பறித்துக்கொண்டு போனார்கள். எனக்குச் சளி பிடித்தபோது அம்மா அதைப் பறித்து அரிசியோடு அரைத்து அடை சுட்டாள். பட்டு தின்ற மிச்சம்தான் எங்களுக்கு. அலமாரியும் பிறகு வேறு பலகையில் வந்து சேர்ந்தது. திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. அம்மா தன் புடவைகளை அதில்தான் வைத்தாள்.

அடுத்த பொங்கலுக்கு ஒடுகத்தூர் போனபோது மாமா பொரிந்து தள்ளினார். "மாத்தல் தர்றோம்னு கூப்ட்டுச் சொன்னாங்களாமே, வேணாம்னு வந்துட்டியாமே! அந்தக் காட்டுல இன்னா இருக்குது?"

"ஆட்டுக்கு அங்க நல்ல தழை கெடைக்குதுண்ணா" என்றாள் அம்மா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்காக, பட்டுக்காக, எங்கள் பெஞ்சுக்காக அம்மா மலையிலேயே தங்கிவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். அப்பாவும் அப்படித்தான் நம்பினார். பெஞ்சைக் கடக்கும்போதெல்லாம் அதை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். அம்மா எங்கள் இருவரையுமே திருத்தவில்லை.

ஒடுகத்தூரில் அப்பா வெறும் நர்ஸ் புருஷன். மலையில் சின்னப் பிள்ளை முதல் கிழவர் வரை அவரைச் சாரு என்றார்கள். மாமா வீட்டுக் கொல்லையில் கோழிக்கூடையைத் தாங்கிக்கொண்டிருந்த முக்காலியைப் பார்த்து நான் கை தட்டிச் சிரித்தபோது, பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அந்த முக்காலியும் இழைப்புளியும் என் மனசில் பக்கத்துப் பக்கத்தில் வந்து சேர எனக்குக் கல்யாணமாக வேண்டியிருந்தது. வர்க்கியைத் தின்றுகொண்டிருந்த எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இழைப்புளி, அம்மா மாற்றலை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்த அந்த வேலூரில் வாங்கியது. எங்கள் பெஞ்சை அம்மா அதற்கப்புறம்தான் பார்த்தாள்.