போட்டோ வராத உழவு மெஷின்

காலை 7.10. மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறினேன். யுத்தம் முடிந்து நாலு மாதம். குருக்கள்மடம் ஏறக்குறையப் பதினெட்டுக் கிலோமீற்றர், டிக்கெட் முப்பது ரூபாய். பக்கத்தில் இருந்தவர், "எங்கால வாறீங்க தம்பி?" என்றார். "கொழும்பு" என்று புளுகினேன். கனடா என்றால் கதை வளரும். அதோடு நான் உறவு கொண்டாடப் போகவில்லை, ஒரு களவைப் பிடிக்கப் போகிறேன்.

விசயம் இதுதான். சுனாமி அடித்த பிறகு, வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் விவசாயப் பள்ளியின் பழைய உழவு மெஷின் கரையோரத்தில் இடிபாடு இழுக்கப் போய், உப்பில் கிடந்து உக்கிப்போனது. ரொறன்ரோவில் இருக்கும் பழைய மாணவர் ஒன்பது பேர் சேர்ந்து, இரண்டு சக்கரத்தில் ஓடுகிற 'இரண்டு சில்லு' மெஷின் ஒன்று புதிதாக வாங்கிக் கொடுத்தோம். "ஒரு போட்டோ அனுப்புங்கள்" என்று நாலு வருசமாக எழுதுகிறேன். அதிபர் யோகராணியின் பதில் எப்போதும் ஒரே வரி: "மெஷின் நல்லா இருக்கு." நல்லா இருக்கிற மெஷினுக்குப் படமெடுக்க என்ன வெட்கம்? வித்துத் தின்றுவிட்டார்கள் என்று எங்கள் ஒன்பதில் ஒருவனான தவராசா சொன்னான். நானும் நம்பினேன். இப்போது தண்ணீர்ப் பம்பி வேறு கேட்கிறார்கள். மெஷினின் படத்தோடு நான் திரும்பினால்தான் பம்பி என்று முடிவு.

8.25. குருக்கள்மடம் துறை. வாவியைக் கடக்கிற மிதவைக்கு இங்கே 'பாதை' என்று பேர். பாதைக்காரர் என் சப்பாத்தைப் பார்த்தார்.

"ஆருட்ட போறீங்க?"

"விவசாயப் பள்ளிக்கு."

உடனே அந்தப் பக்கம் திரும்பி, போனில் குசுகுசுத்தார். சரிதான், இவரும் கூட்டுக் களவாணி!

9.15. அம்பிளாந்துறையில் இறங்கி நடந்தேன். பள்ளிக் காவலாளியின் வளவில் ஒரு கோழிக்கூடு. அதற்கு முண்டு கொடுத்து நின்றது ஒரு சிவப்பு இரும்புச் சில்லு. மெஷினை வித்த கடைக்காரன் அன்று அனுப்பிய படத்தில் நான் பார்த்த அதே சில்லு. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

யோகராணி என்னிலும் நாலு வகுப்பு இளையவள். "இரிங்க அண்ணன், தேத்தண்ணி குடிங்க" என்றாள்.

"தேத்தண்ணி கிடக்கட்டும். சில்லு கோழிக்கூட்டில நிக்குது. மிச்சத்த எங்க வித்தீங்க?"

அவள் முகம் கறுத்தது. "விக்கிறதெண்டா சில்ல மட்டும் ஏன் அண்ணன் விட்டு வைக்கிற? ரெண்டு தரம் துவக்கோட வந்து மெஷினக் கேட்டவங்க. ஆரெண்டு கேக்காதீங்க. உடைஞ்சி போச்சி எண்டு சொல்லித்தான் காப்பாத்தினம். நாங்க அனுப்புற படம் ஆர்ட கையில போகுமெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"அதுதான் யுத்தம் முடிஞ்சிட்டே!"

"முடிஞ்சிட்டு. துவக்கு வச்சிரிந்தவனெல்லாம் எங்க போன? இஞ்சதானே திரியிறான்."

என் முன்னாலேயே ஆட்கள் புறப்பட்டார்கள். விறகுக் குவியலுக்குக் கீழிருந்து எஞ்சின் வந்தது. உடுப்புக் காயப்போட்ட கொடியிலிருந்து கைபிடி வந்தது. மாணவர் எட்டுப் பேர் நாற்பது நிமிசத்தில் பூட்டி முடித்தார்கள். "உழப் பழக முன்னம் கலட்டப் பழகினதுகள்" என்று யோகராணி சிரித்தாள். பள்ளியின் வயல் வட்டையில் இரண்டு மணித்தியாலம் உழவு நடந்தது. புது முகம் எது வந்தாலும் பாதைக்காரர் போன் அடிப்பார், உடனே கலட்டிவிடுவார்கள். காலையில் அவர் குசுகுசுத்தது என்னைப் பற்றித்தான். கூசிப்போனேன்.

ஒரே ஒரு படம் எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. யோகராணி மட்டும் கமராவைப் பார்த்தாள், பிறகு வட்டையைப் பார்த்தாள்.

1.40. திரும்புகிற பாதை. நான் படலை தாண்டமுன்னமே சில்லு கோழிக்கூட்டுக்குப் போய்விட்டது. அக்கரைத் துறையில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரோ, எவரோ. நடு வாவியில் வைத்து அந்தப் படத்தை அழித்தேன்.

மாலை 6.30. மட்டக்களப்பு விடுதியிலிருந்து தவராசாவுக்குப் போன் எடுத்தேன்.

"மெஷினக் கண்டியா? படம் எங்க?"

போனில் என்னத்தைச் சொல்வது? யார் கேட்கிறார்களோ!

"மெஷின் நல்லா இருக்கு" என்றேன். "பம்பிய அனுப்புவம்."

"உண்மையச் சொல்லு மச்சான்," என்றான் தவராசா. "உனக்கு எவ்வளவு தந்தவள்?"