மௌன நேரத்தில் பால் கறந்தது

அப்பா இறந்த பிறகு தெல்தோட்டையில் இருந்த எங்கள் பண்ணையைத் திருச்சபைக்குக் கொடுத்தோம். அது தியான இல்லமானது. மாட்டுத் தொழுவத்தின் பாதி ஜெபக்கூடமாக மாறியது. மறுபாதியில் மிஞ்சிய ஒரே பசுவை அம்மா பார்த்துக்கொண்டார். எல்லா வேலைக்கும் நான்தான் முன்னால் ஓடினேன். கண்டியிலிருந்து முதல் குழு வந்த அன்று "மௌன நேரம்" என்று பலகை எழுதி மாட்டியதும் நான்தான்.

அம்மா பசுவோடு கதைத்தபடியேதான் கறப்பார். அன்றும் அப்படித்தான். சுவருக்கு அப்பால் ஜெபக்கூடத்தில் எல்லாரும் கண்மூடி இருந்தார்கள். நான் ஓடிப்போய், "சத்தமில்லாம கறங்கம்மா, மானம் போகுது" என்றேன்.

"ஏண்டி, மாட்டுக்கும் தியானமா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அம்மாவின் குரல் கேட்காததால் பசு பாலை அடக்கிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வாளியின் அடி நனையவில்லை. தேநீருக்குப் பால் வராததால் இல்லத்துப் போதகரே தேடி வந்தார்.

"என்னம்மா, இன்னைக்குப் பேச்சையே காணோம்?"

"தொண்டை கட்டிக்கிச்சுங்க ஐயா" என்றார் அம்மா.

அவர் போனதும் அம்மா என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "இப்ப பேசலாமாடி?" என்று கேட்டார். கேலியே இல்லை. தன் தொழுவத்தில் என்னிடம் அனுமதி கேட்டார்.