வெங்காயத் தராசில் ஒரு குஞ்சு

சின்னம்மாவையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எனக்கு ஒன்பது வயது. கிலோகிராமும் கிராமும் அந்தத் தவணையில்தான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தார்கள். ஆயிரம் கிராம் ஒரு கிலோ என்பதைத் தெரிந்துகொண்டதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

முதற்பிள்ளைப்பேறு தாய்வீட்டில் நடக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சின்னம்மாவுக்குத் தாய் இல்லை. தமக்கை இருந்தார், அவர்தான் என் அம்மா. ஆகவே கொழும்புத்துறையில் இருந்த எங்கள் வீட்டின் முன்னறை முப்பத்தொரு நாளுக்குச் சின்னம்மாவுக்கு என்று ஆனது. அப்பா வவுனியாவில் வேலை செய்தார். கிழமை முடிவில் வந்து, குழந்தையை எட்ட நின்று பார்த்துவிட்டுப் போவார். பெயர் வைக்கும்வரை அதைக் குஞ்சு என்று கூப்பிட்டோம். அந்தக் குஞ்சு இப்போது எட்டாம் தரம் படிக்கிறாள், என்னைவிட உயரம். வீட்டில் இன்னமும் குஞ்சுதான்.

சித்தப்பாவுக்குக் கரவெட்டியில் வெங்காயத் தோட்டம். விடியற்காலையிலேயே மோட்டார் சைக்கிளில் போய் இறைத்துவிட்டு, மத்தியானம் திரும்பிவந்து, கிணற்றடியில் இரண்டுதரம் சவர்க்காரம் போட்டுக் குளித்த பிறகுதான் முன்னறை வாசலுக்கே வருவார். வாசலுக்கு வருவாரே தவிர உள்ளே போகமாட்டார். தன் கை கரடு, பிள்ளையின் தோலைக் கீறிவிடும் என்று பயம். இரவு படுக்கப் போகும்முன் யாரும் பார்க்காத நேரம் குசினிக்குள் வந்து உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தேய்ப்பார். எனக்கு அது தெரியும், ஏனென்றால் எண்ணெய்ப் போத்தல் குறைவதற்கு அம்மா என்னைத்தான் ஏசினார்.

சின்னம்மாவோ குஞ்சைக் கீழே வைக்கவே பயந்தார். தும்மினால் பயம், விக்கினால் பயம், நீண்ட நேரம் நித்திரை கொண்டால் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பார். ஊரிலே பெயர்போன வாயாடியாக இருந்த சின்னம்மா, பேருந்தில் கண்டக்டரோடு சண்டை பிடித்து மிச்சக் காசு வாங்கிய சின்னம்மா, ஒரு முழங்கூட இல்லாத ஒரு உயிருக்கு முன்னால் இப்படி அடங்கி இருந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஐந்தாம் நாள் குடும்பநல மாது, நாங்கள் மிஸ் என்று கூப்பிடுபவர், ஸ்கூட்டியில் வந்து குஞ்சை நிறுத்தார். பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு. இப்போது இரண்டு கிலோ அறுநூறு.

"பிறந்த பிள்ளையள் முதல் கிழமையிலை கொஞ்சம் இறங்கிறது வழமைதான்," என்றார். "பயப்பிடாதேங்கோ. தாய் நல்லாச் சாப்பிட்டு, நல்லா நித்திரை கொண்டாக் காணும். அடுத்த கிழமை வாறன். அப்பவும் ஏறாட்டி ஒருக்கா டொக்டருக்குக் காட்டுவம்."

இவ்வளவையும் எல்லோரும்தான் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஆனால் சித்தப்பாவின் காதில் விழுந்தது "இறங்கிறது" என்ற சொல் மட்டும். சின்னம்மாவின் காதில் விழுந்தது "ஏறாட்டி" என்ற சொல் மட்டும். நல்லாச் சாப்பிட்டு நல்லா நித்திரை கொள்ளவேண்டும் என்பதைக் கேட்டவர் அம்மா ஒருவர்தான். அவர் அன்றைக்கே கடற்கரைக்கு ஆள் சொல்லிப் தாய்க்குப் பால் ஊறும் என்று பால்சுறா எடுப்பித்து வறை வறுத்தார்.

மறுநாள் மத்தியானம் சித்தப்பா தோட்டத்திலிருந்து தராசைக் கொண்டுவந்தார். கொக்கியில் தொங்கவிட்டு நிறுக்கும் தராசு. மணிக்கூடு போல வட்ட முகம், ஒரு முள், பத்துக் கிலோ வரைக்கும் இலக்கங்கள். வீடுகளுக்குச் சில்லறையாக வெங்காயம் கொடுக்கும்போது அவர் பாவிப்பது. அம்மாவுக்கு அதைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. பச்சைப் பிள்ளையை அளக்கவும் கூடாது, நிறுக்கவும் கூடாது, கண்ணூறு படும் என்றார். மிஸ் நிறுத்தவதானே என்று சித்தப்பா பணிவாகச் சொன்னார். அது அரசாங்கம், அதுக்குக் கண்ணூறு இல்லை என்றார் அம்மா. கடைசியில் கொக்கியை மஞ்சள் தண்ணீரில் மூன்றுதரம் கழுவச் செய்துவிட்டு, தான் இதைப் பார்க்கமாட்டேன் என்று குசினிக்குள் போய்விட்டார்.

விறாந்தைக் கூரை வளையில் தராசைக் கட்டி, வெள்ளைச் சேலைத் துண்டில் ஏணை போல ஒரு தூளி செய்து, அதற்குள் குஞ்சை வைத்தோம். நிறுப்பது என்பது சித்தப்பாவுக்குத் தெரிந்த வேலை. அதனால்தானோ என்னவோ, தூக்கப் பயந்த மனிதர் நிறுப்பதற்காக என்று குஞ்சை முதன்முதலாகக் கையில் எடுத்தார். தூளிக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்தபடி குனிந்து நின்றார். துணி நழுவினால் பிடிக்க வேண்டுமே. அதனால் கண்ணை மேலே எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சின்னம்மா முன்னறைக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். முள்ளைப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். கிலோவும் கிராமும் படித்தவள் நான் ஒருத்திதான் சும்மா நின்றேன்.

விறாந்தையில் கிடந்த நீள மர வாங்கில் ஏறி நின்று வாசித்தேன். இரண்டு கிலோ அறுநூறு. சித்தப்பா சுவரில் தொங்கிய கலண்டரில் அன்றைய திகதிக்குக் கீழே அதைப் பென்சிலால் எழுதச் சொன்னார். எழுதினேன். எனக்கு அன்று பெருமையில் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் நாலு மணிக்கு இரண்டு கிலோ ஐந்நூற்றி ஐம்பது. பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல உரத்து, திருத்தமாக வாசித்தேன்.

சித்தப்பா என்னை இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் குஞ்சைக் கொண்டுபோய்ச் சின்னம்மாவின் பக்கத்தில் படுக்க வளர்த்திவிட்டு, பால் காணுமோ, பிள்ளைக்குப் போதுமோ என்று மெதுவாகக் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"என்ரை பால் காணாது எண்டு சொல்லுங்கோவன்," என்றார் சின்னம்மா. "உங்கடை தராசு சொல்லுது. நீங்கள் ஏன் சுத்தி வளைக்கிறியள்?"

அன்று அம்மா கொண்டுபோன, பிள்ளை பெற்றவருக்கு வைக்கும் சரக்குக்கறியும் சோறும் அப்படியே திரும்பி வந்தன. சின்னம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். சித்தப்பா வெளியே போய் ஒரு பால்மா ரின் வாங்கிவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அதைச் சின்னம்மா கதவிடுக்கால் பார்த்தார். எங்கள் வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. அம்மா ரின்னை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தார். குஞ்சு பால் குடிக்கத் தொடங்கும், பிறகு விட்டுவிட்டு அழும். அது அழச் சின்னம்மாவும் அழுவார்.

நான் யோசித்துப் பார்த்தேன். காலையில் எல்லோரும் சுகமாகத்தான் இருந்தார்கள். நாலு மணிக்கு நான் வாய் திறந்த பிறகுதான் இவ்வளவும் நடந்தது.

மூன்றாம் நாள் வாங்கில் ஏறினேன். குஞ்சு காலை உதைத்தது. முள் ஒரு நிலையில் நிற்காமல் ஆடியது. ஐந்நூற்றி ஐம்பதுக்குப் போனது, அறுநூற்றி ஐம்பதுக்குத் தாவியது, திரும்ப வந்தது.

"இரண்டு கிலோ அறுநூற்றி ஐம்பது," என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முள் அங்கே போனது உண்மை. அங்கே நிற்கவில்லை என்பதைத்தான் சொல்லவில்லை.

முன்னறையில் கட்டில் கிறீச்சிட்டது. சின்னம்மா எழுந்து வாசலுக்கு வந்து, எவ்வளவு எண்டு சொன்னனீ என்று கேட்டார். சொன்னேன். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, அந்தச் சுறா வறை மிச்சம் இருக்கோ என்று கேட்டார். இரண்டாம்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் குஞ்சுக்குப் பால் கொடுத்துக்கொண்டே நித்திரையாகிவிட்டார். குஞ்சும் நித்திரை. வாய் ஓரத்தில் பால் வழிந்து காய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் முள்ளைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. அடுத்த நாள் எழுநூறு. அதற்கடுத்த நாள் எழுநூற்றி ஐம்பது. ஒவ்வொரு நாலு மணிக்கும் ஐம்பது ஐம்பதாக ஏற்றினேன். ஏறிய இலக்கத்தை இறக்க முடியாது என்பதுதான் அந்த வேலையில் உள்ள சங்கடம். வீடோ கலகலப்பாகிவிட்டது. சின்னம்மாவுக்குப் பழைய வாய் திரும்பியது. சித்தப்பாவின் சாரத்தில் இருந்த வெங்காயச் சருகைக் கண்டு, தோட்டத்தை இஞ்சை கொண்டு வாறியளோ என்று பகிடி பண்ணினார். சித்தப்பா முன்னறைக்குள் போய்க் கதிரையில் இருந்து, சின்னம்மா நித்திரை கொள்ளும் நேரம் குஞ்சின் முகத்தில் ஈ படாமல் துவாயால் விசிறினார். நான் ஒருத்திதான் சாப்பிடவில்லை. ஆறு நாள், ஐந்து நாள், நாலு நாள் என்று விரல் மடித்துக்கொண்டிருந்தேன். மிஸ் வரப்போகிறார். அவருடைய தராசை அவரே வாசிப்பார்.

பிள்ளையாரிடம் சொல்லிவிடலாம் என்றால் எங்கள் வீடு பிள்ளை பிறந்த துடக்கு வீடு, கோயிலுக்குள் போகக்கூடாது. பள்ளிக்கூடம் போகும் வழியில் வீதியின் மறுபக்கத்தில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, தூரத்திலிருந்தே விண்ணப்பித்தேன். முப்பத்தொண்டு முடிந்தவுடன் தேங்காய் உடைப்பதாகவும், அதுவரைக்கும் எப்படியாவது குஞ்சைக் கனக்கப் பண்ணவேண்டும் என்றும் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் பங்குக்குக் குஞ்சு பால் குடித்து முடிக்கும்வரை கதவடியில் காவல் இருந்தேன். குடிக்கும் சத்தம் நின்றால், இன்னும் கொஞ்சம் குடுங்கோ சின்னம்மா என்பேன். பிள்ளைக்கு என்ன பாசம் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னார்.

மிஸ் வந்த அன்று நான் கிணற்றடிக்குப் போய்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். ஆனால் சித்தப்பா என்னைத்தான் தேடினார். கலண்டரைக் கழற்றி மிஸ்ஸிடம் காட்டவேண்டும், அது எனக்குத்தான் எட்டும் உயரத்தில் மாட்டியிருக்கிறது என்று ஏதோ சாட்டு. கலண்டரோடு போய் நின்றேன்.

மிஸ் தன் தராசில் குஞ்சைத் தொங்கவிட்டார். முள் நிற்கும்வரை பொறுமையாக இருந்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இரண்டு கிலோ எழுநூற்றி எண்பது," என்றார். "வடிவா ஏறியிருக்கு. இனி யோசிக்கத் தேவையில்லை."

சின்னம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அம்மா குசினிப் பக்கம் திரும்பி எதையோ முணுமுணுத்தார், கண்ணூறுக்காக இருக்கவேண்டும். அப்போதுதான் மிஸ் கலண்டரை வாங்கிப் பார்த்தார். முந்திய நாள் திகதியில் என் கையெழுத்தில் இரண்டு கிலோ தொள்ளாயிரம் என்று இருந்தது. அவருடைய விரல் மேலே ஏறியது. ஐம்பது, ஐம்பது, ஐம்பது. ஒரு நாளும் தவறாமல், படிக்கட்டுக் கட்டினது போல.

"உதை ஆர் வாசிச்சது?" என்று கலண்டரைக் காட்டிக் கேட்டார்.

நான் சித்தப்பாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தான் மிஸ்," என்றார் சித்தப்பா. "தராசு பிழை. வெங்காயத்துக்குச் சரி, பிள்ளைக்குச் சரிவராது போலை."

மிஸ் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கலண்டரை மடித்து என் கையில் தந்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அன்று சின்னம்மா என்னைக் கட்டிலில் சாய்ந்து இருக்கச் சொல்லி, என் மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் குஞ்சை வளர்த்தினார். அதற்கு முன் ஒருநாளும் என்னைத் தூக்க விட்டதில்லை. பத்திரம் என்றுகூடச் சொல்லாமல் துவாயை எடுத்துக்கொண்டு வேப்பிலைத் தண்ணீரில் முழுகப் போய்விட்டார். கால் விறைத்துப்போகும்வரை நான் அசையவில்லை.

வாசித்தது யார் என்பதையே சித்தப்பா மாற்றி நினைத்துக்கொண்டார் என்று எனக்கு விளங்கியது. ஒவ்வொரு நாளும் வாசித்தவள் நான். நித்திரை இல்லாத மனிசன், மறந்துவிட்டார். நல்லகாலம் என்று நினைத்தேன். இனிமேல் பொய் சொல்வதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

மறுநாள் நாலு மணிக்குப் பென்சிலோடு விறாந்தைக்குப் போனேன். வளையில் தராசு இல்லை. விடியத் தோட்டத்துக்குப் போகும்போதே கொண்டுபோய்விட்டாராம். சித்தப்பா முன்னறைக்குள்ளிருந்து குஞ்சைத் தூக்கிக்கொண்டு தானாகவே வந்தார். துணி இல்லை, கொக்கி இல்லை, இரண்டு உள்ளங்கைகளிலும் அப்படியே ஏந்திப் பிடித்திருந்தார். பின்னால் சின்னம்மா நிலைப்படியில் சாய்ந்து, ஈரத் தலையைக் கோதிக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு இருக்கும் பிள்ளை, சொல்லு பாப்பம்," என்றார் சித்தப்பா.

எனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்வதற்கு இதுதான் தருணம் என்று பட்டது.

"இரண்டு கிலோ எழுநூற்றி எண்பது," என்றேன்.

சித்தப்பா குஞ்சை மெல்ல உயர்த்தி, இறக்கி, கண்ணை மூடி யோசித்தார்.

"இல்லை," என்றார். "மூண்டு கிலோ."

சின்னம்மா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சாக்கைச் சும்மா தூக்கிப் பார்த்தே இத்தனை கிலோ என்று சொல்லக்கூடிய மனிதர் என்று கரவெட்டியில் எல்லோரும் சொல்வார்கள். அவருக்குத் தன் சொந்தப் பிள்ளையின் நிறை தெரியவில்லை. பாவமாக இருந்தது. பெரியவர்களைத் திருத்துவது மரியாதை இல்லை என்பதால், மூன்று என்றே கலண்டரில் எழுதினேன்.