பொக்கம் போரா

கேரளப் போலீசில் சேர எனக்கு இரண்டு விரற்கடை உயரம் குறைந்தது. மற்ற எல்லாம் இருந்தது. ஓட்டத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் என்னை முந்த ஆள் கிடையாது. கொழுந்து கிள்ளப் போகாமல் தப்பிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்தக் காக்கிச் சட்டை. கிள்ளிக் கிள்ளி விரல் கறுத்துப்போன என் அம்மாவுக்கும் அது ஒன்றுதான் கனவு.

ஆறாம் வகுப்பில் நான் பெரியமனுஷி ஆனேன். அதுவரை வகுப்பிலேயே நான்தான் நெட்டை. பிறகு ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போனாள்.

மூணாறில் ஒரு டாக்டரம்மாவிடம் கேட்டோம். வயதுக்கு வந்த பின் ஓரிரண்டு வருடம் கொஞ்சம் வளர்வார்கள், அப்புறம் எலும்பின் நுனி மூடிக்கொள்ளும், எண்ணெயோ டானிக்கோ கம்பியில் தொங்குவதோ உதவாது என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வெளியே வந்ததும் அம்மா, "அந்தம்மாவே என் தோளுக்குத்தான் வருது. வளத்தியப் பத்தி அதுக்கென்ன தெரியும்?" என்றாள்.

அன்றிலிருந்து முட்டை எனக்கு, பாலில்லாத கட்டஞ்சாயா அவளுக்கு. கொய்யா மரத்தில் தினமும் தொங்கினேன். ஒரு சாயங்காலம் கதவு நிலையில் என்னை நிறுத்திக் கரியால் கோடு போட்டாள். விடிந்ததும் மறுபடி நிறுத்தினாள். தலை கோட்டுக்கு மேலே இருந்தது.

"வளந்துட்டடி!" என்று எங்கள் லயத்து வரிசையின் எல்லா வீட்டு வாசலிலும் போய்ச் சொன்னாள். நானும் நம்பினேன், குதித்தேன். சாயங்காலம் அளந்தபோது உயரம் பழைய கோட்டுக்கே வந்துவிட்டது. மறுபடி போய்க் கேட்டோம். தூங்கி எழுந்தால் யாருக்குமே முதுகெலும்பு கொஞ்சம் நீண்டிருக்கும், நின்று நடந்தால் அமுங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னதில் அம்மா இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நிக்காமப் போனாப் போதும்ல?"

உடல்தகுதித் தேர்வுக்கு நான் படுத்துக்கொண்டே போனேன். ஜீப்பின் பின்சீட்டில் நான், கீழே தகரத்தில் அம்மா. வளைவுகளில் என் தலை இடிக்காமல் கையைக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

"பிரசவக் கேசா அக்கா?" என்றார் டிரைவர்.

"இல்ல தம்பி, போலீசு," என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வழியெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டே போனோம்.

மைதானத்தில் அளவுகோலின் கட்டை என் தலையில் இறங்கியது. அளந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே, "பொக்கம் போரா" என்றார். மலையாளத்தில் பொக்கம் என்றால் உயரம். போரா என்றால் போதாது. கம்பிவேலிக்கு வெளியே நின்ற அம்மாவின் காதில் கடைசிச் சொல் மட்டும் விழுந்திருக்கிறது. சந்தையில் மலையாளத்திலேயே சண்டை போடுகிறவள்தான். அன்று அவள் காது தமிழில் கேட்டது.

"போறான்னு சொன்னாகல்ல! எம்மக போறா!" என்று, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பத்தடி தூரத்தில் நின்று அதைப் பார்த்தேன். பிறகு வேலியருகே போனேன்.

"அது நம்ம போறா இல்லம்மா," என்றேன்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் கையை மெதுவாக விட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்தே திரும்பினோம். மலை ஏறத் தொடங்கியதும், ஏதோ நினைப்பில், அம்மா தன் மடியைத் தட்டினாள்.

"படுத்துக்கடி. உக்காந்தே வந்தா கொறஞ்சிரும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் படுத்துக்கொண்டேன்.