கொப்பியில் எழுதாத ரசம்

ஒரே காலையில் ஆறு தடவை கக்கூஸ் சாவி கேட்டேனாம். எங்கள் அலுவலகத்தின் தலைமை அதிகாரி, நாங்கள் பெரியவர் என்று சொல்கிறவர், அதைப் பத்துப் பேர் பார்க்க விரல் மடக்கி எண்ணிச் சொன்னார். அந்தச் சாவி அவருடைய மேசைக்குப் பின்னால் ஓர் ஆணியில்தான் தொங்கும். யார் போனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். மனுஷனுக்கு வெட்கம் இல்லையா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஏழாவது தடவையும் அவரிடம்தானே சாவி கேட்க வேண்டும்.

கண்டி நகரத்துக்குள் ஓர் அரசாங்க அலுவலகம் அது. பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் பத்திரம் எடுக்க அங்கேதான் வருவார்கள். மொத்தம் நான்கு ஜன்னல். நான்காவது என்னுடையது, தமிழில் பேச வேண்டியவர்களுக்கு. மற்ற மூன்றிலும் இருக்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. நான் எழும்பிப் போனால் என் வரிசை அப்படியே நிற்கும்.

பெண்களை 'நோனா' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற பெரியவர் அன்றைக்குச் சிங்களத்தில் தெளிவாகச் சொன்னார்: "மாத முடிவு வரைக்கும் பார்ப்பேன் நோனா. அதற்குப் பிறகும் இப்படியே ஓடிக்கொண்டிருந்தால் நாலாவது ஜன்னலை மூடிவிடுவேன். எல்லாரும் மூன்றாவதுக்கு வரட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என்னை ஏசட்டும், எங்கேயாவது மாற்றட்டும், அது வேறு. ஜன்னலை மூடினால் யாருக்கு நஷ்டம்? அன்றைக்கே என் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். தெல்தெனியாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புப் பத்திரம் வேண்டும், ஆனால் பதிவில் தகப்பன் பெயர் விட்டுப்போயிருந்தது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவளைப் பாதியில் நிறுத்திவிட்டு நான் ஓடினேன். திரும்பி வந்தபோது அவளுக்கு பஸ் நேரம் ஆகிவிட்டது. "பரவால்லம்மா, இன்னொரு நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் "பரவால்ல" என்னை அறைந்த மாதிரி இருந்தது.

இந்த வயிற்றுக்கு நான் செய்யாத வைத்தியம் இல்லை. இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நல்லாயிருக்கிறதாம். நல்லாயிருந்தால் நான் ஏன் குண்டசாலையில் பஸ் ஏறி, தென்னக்கும்புரைப் பாலத்தில் வாகன வரிசை நிற்கும்போது வியர்த்து விறுவிறுத்து, பாதி வழியில் இறங்கி, முன்பின் தெரியாத கடைக்காரரிடம் "அவசரம்" என்று கெஞ்சுகிறேன்? கடைசியில் டொக்டர் அதற்கு ஐ.பி.எஸ். என்று பெயர் சொன்னார், எளிதில் எரிச்சல்படும் குடல் என்று அர்த்தமாம். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, ஆனால் சில சாப்பாட்டைக் கண்டால் அது சும்மா இருக்காது. எந்தச் சாப்பாடு என்று ஆளுக்கு ஆள் மாறுமாம். சாப்பிடுவதை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

நானும் எழுதினேன். கோடு போட்டு, நேரம் போட்டு, பக்கத்தில் வயிற்றின் நிலைமையையும் போட்டு எழுதினேன். சந்தேகப்பட்டதை எல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். முதலில் பால் தேத்தண்ணி போனது. பிறகு பாண், பருப்பு, பலாக்காய், மாசிச் சம்பல், பச்சைமிளகாய். மூன்று மாதம் வாயைக் கட்டினேன். வெறும் சோறும் பூசணிக்காயும் அவித்த உருளைக்கிழங்கும் தின்று ரவிக்கை எல்லாம் தோளில் தொங்கியது. அலுவலகத்தில் மற்றவர்கள் பருப்புக் கறியைப் பிசையும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அப்படியும் வயிறு அடங்கவில்லை.

இதற்கு நடுவில் புத்தி சொல்ல வருகிறவர்களின் தொல்லை. "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க, அதான்" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. யோசிக்காமல் பஸ்ஸில் ஏறிப் பார் தாயே, தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் புத்தி சொல்லவில்லை. அவர் குண்டசாலைச் சந்தியில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். எனக்கு முடியாமல் போனதிலிருந்து விடியக்காலையில் எழும்பி அடுப்படிக்குப் போகிறவர் அவர்தான். மிளகும் சீரகமும் ஒரு முழுப் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைப்பார். வீடே மணக்கும். ஒரு டம்ளர் என் கையில் தருவார், மீதியைப் பிளாஸ்கில் ஊற்றிப் பையில் வைப்பார். "கஷ்டமா இருந்தா அப்பப்ப ஒரு வாய் குடி. பூண்டு வயித்தை அடக்கிரும்" என்பார். வயிறு அதிகம் படுத்திய நாட்களில் அவரே பார்த்துப் பூண்டைக் கூட்டிப் போடுவார். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

பெரியவர் கெடு வைத்த அதே மாதத்தில், கொப்பி எழுதி மூன்று மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனேன். சாப்பாட்டு ஆலோசனை சொல்கிறவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், என்னை விட வயதில் சின்னவள். என் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"சரியான வடிவா எழுதியிருக்கிறியள். இவ்வளவத்தையும் விட்டாப் பிறகும் ஏன் குறையேல்லை? வேற ஒண்டும் சாப்பிடுறேல்லையோ?"

"இல்லைங்க மிஸ். எழுதாம ஒரு பிஸ்கட் கூடத் தின்னது கிடையாது."

அந்த நேரம் பார்த்து வயிற்றைப் பிடித்து இழுத்தது. நான் பையிலிருந்த பிளாஸ்கை எடுத்து மூடியில் கொஞ்சம் ஊற்றினேன்.

"அது என்ன?"

"மருந்துங்க மிஸ். ரசம்."

"உள்ளி போட்டதோ?"

உள்ளி என்று அவர்கள் சொல்வது பூண்டைத்தான். "ஒரு முழுப் பூண்டு போடுவாரு" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "ஒரு நாளைக்கு எத்தனை தரம் குடிக்கிறியள்?"

"காலையில, பகல்ல, ரொம்ப முடியலன்னா ராவுலயும்."

"ஏன் இதைக் கொப்பியில எழுதேல்லை?"

"நீங்க சாப்பாட்டைத்தானே எழுதச் சொன்னீங்க. இது மருந்தாச்சே."

அவள் சிரிக்கவில்லை. பூண்டு மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கலாம், இந்தக் குடல் வருத்தம் உள்ள கனபேருக்கு அதுதான் முதல் எதிரி என்றாள். குடலுக்குள் போய்ப் புளித்து, காற்றாகி, இழுத்துப் பிடிக்குமாம். பெரிய வெங்காயமும் அப்படித்தானாம். "ரெண்டையும் ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு விடுங்கோ. பிறகு நீங்கள் நிப்பாட்டின சாமான் ஒவ்வொண்டாச் சாப்பிட்டுப் பாருங்கோ. ஒண்டுக்கும் மற்றதுக்கும் இடையில மூண்டு நாள் விடுங்கோ. நான் சொன்னதுக்காக நம்ப வேண்டாம், கொப்பி சொல்லட்டும்." உடம்பு இளைத்திருப்பதைப் பார்த்து டொக்டரிடம் மூன்று நாள் லீவுக்குச் சீட்டும் வாங்கித் தந்தாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதம்! ஒரு பாவமும் செய்யாத பருப்பைக் குற்றவாளியாக்கி, பாணைத் துரத்தி, பூண்டை மட்டும் மூன்று வேளையும் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஊர் உலகத்துக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவளுக்கு, தன் சொந்தக் கொப்பியில் முக்கியமான ஒரு வரியை எழுதத் தெரியவில்லை. யாரைத் திட்டுவது? வீட்டுக்குப் போய் அவரைத்தான் திட்டினேன்.

"அப்ப நான்தான் உன்னைக் கெடுத்தேனா?" என்று கேட்டார்.

"ஆமா! நீங்கதான். உங்க பூண்டுதான்."

"எங்க வீட்ல எல்லாருக்கும் இதைத்தான் குடுத்தாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"யாரு எழுதி வச்சுப் பார்த்தா?"

அவர் வெளியே போய், நிறுத்தி வைத்திருந்த வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவர் மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கோபம்தான் கூட. மறுநாள் காலை மேசையில் வழக்கம் போல பிளாஸ்க் இருந்தது. இந்த மனுஷன் திருந்தவே மாட்டாரா என்று மூடியைத் திறந்தேன். உள்ளே வெறும் சுடுதண்ணீர். அதைக் குடித்தேன்.

மூன்றாம் நாள் வயிறு கொஞ்சம் அடங்கியது. குணமாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், அது குணமாகிற வியாதி இல்லை. ஆனால் நான்காம் நாள் வேலைக்குப் போகும்போது, தென்னக்கும்புரைப் பாலத்தில் பஸ் நின்றது, என் வயிறு பேசாமல் இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த இடத்தில் ஆற்றைப் பார்த்தேன்.

அலுவலகத்துக்குள் போனால் என் ஜன்னல் மூடியிருக்கிறது. கண்ணாடியில் ஒரு கடதாசி. "இந்த ஜன்னல் மூடப்பட்டுள்ளது, மூன்றாவதுக்குச் செல்லவும்." சிங்களத்தில் மட்டும். மாத முடிவுக்கு இன்னும் நாள் இருந்தது. மூன்று நாள் லீவு போட்டதற்கு மூடிவிட்டார்கள். அதற்கு நேர் முன்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். முதலாவதாக நிற்கிறவள் அந்தத் தெல்தெனியாப் பக்கத்துப் பெண்.

"எப்ப வந்தீங்க?" என்றேன்.

"விடியக்காலை பஸ்ஸுலம்மா. முந்தாநாளும் வந்தேன். பகல் வரைக்கும் நின்னு பார்த்துட்டுப் போயிட்டேன்."

"யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?"

"கடுதாசி ஒட்டியிருந்திச்சு. அதுல என்ன போட்டிருக்குன்னு கேக்க வெக்கமா இருந்திச்சு."

தமிழ் ஜன்னல் மூடியிருக்கிறது என்பதைத் தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்குச் சிங்களத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அட, என்ன புத்தி இது! அந்தக் கடதாசியை உரித்து எடுத்தேன். உள்ளே போய் ஜன்னல் கதவைத் திறந்து கதிரையில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண்ணின் பதிவைத் தேடி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது, அதுவரைக்கும் நான் சாவி கேட்டு எழும்பவில்லை. அப்போது பெரியவர் சாவியோடு வந்து பின்னால் நின்றார். "நோனாவுக்கு வேண்டாமா?" என்றார்.

"வேண்டாம் சேர்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சிங்களத்திலேயே சொன்னேன். "என் வயிற்றுக்கு நான் வழி பார்த்துவிட்டேன். இந்தப் பெண் முந்தாநாள் பகல் வரைக்கும் இங்கே நின்றிருக்கிறாள். அதற்கு நீங்கள் வழி பாருங்கள்." உரித்த கடதாசியை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மாத முடிவுக்குப் பிறகும் அது திரும்ப ஒட்டப்படவில்லை.

அந்தப் பெண்ணின் படிவத்தைப் பூர்த்தி செய்து, தகப்பன் பெயரைச் சேர்க்க எழுதி, கையெழுத்து வாங்கி, பத்திரத்தை எப்போது எடுக்கலாம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவள் சீட்டை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு, போகாமல் நின்றாள்.

"அன்னைக்கு வயித்தைப் புடிச்சுக்கிட்டு ஓடுனீங்களேம்மா, இப்ப சொகமா?"

"பரவால்லம்மா."

அவள் ஜன்னலுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "பூண்டை நல்லாத் தட்டிப் போட்டு ஒரு ரசம் வச்சுக் குடிங்க. ஒரே நாள்ல கேட்டுரும்."

அன்றைக்கு எல்லாவற்றுக்கும் கோபம் வந்தது, இதற்கு மட்டும் வரவில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.